பூக்கும் நேரத்தில் அடைத்த மடை

போன பருவத்தில் நெல் பூக்கிற நேரமாகப் பார்த்து கீழ்வயலுக்குப் போகிற மடையை அடைத்தவன் அழகேசன். நாற்றில் காய்ந்த பயிர் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். பூவில் காய்ந்தால் பதர்தான். பெண்டாங் வயல்வெளியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் அடைத்தான், பாவி. பயிர் பதராகிப் போன கீழ்வயல்காரன் பிச்சை பிழைப்புக்குக் கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனான். வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிளில் திரும்பியவன் வீடு வந்து சேரவில்லை.

பிச்சையின் மனைவி தங்கமணி ஒப்பாரியோடு விடுகிறவள் இல்லை. வாய்க்காலில் அழகேசன் வயலுக்கும் மேலே ஒரு வயல் குத்தகைக்கு வந்ததும் முந்திக்கொண்டு எடுத்தாள். வறட்சி தாங்குகிற, சீக்கிரம் விளைகிற புது ரகத்தை விதைத்தாள். அறுவடை இயந்திரம் ஓட்டும் லோகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எல்லாரும் போடுறதையே போடுக்கா. தனியா வெளஞ்சா குருவி விடாதுலா!"

அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. வானம் பொய்த்தது, வாய்க்கால் மெலிந்தது. அழகேசன் வயல் பூத்தது. அவள் நெல்லோ பால் கட்டி முற்றத் தொடங்கியிருந்தது; அதற்கு இனித் தண்ணீர் தேவையில்லை. அழகேசன் வயலுக்குப் போகிற மடையை இறுக்கி அடைத்தாள்.

அழகேசன் ஓடி வந்தான். "தங்கச்சி, பூ நேரம்மா! கொஞ்சம் தெறந்து விடு!"

"பூ நேரம்னு தெரிஞ்சுதாண்ணே அடைச்சேன்."

மறுநாளே குருவிகள் வந்தன. சுற்றுவட்டாரத்தில் முற்றிய நெல் அவளுடையது மட்டும்தான். தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது. இந்த நெல் போனால் குத்தகையும் போய்விடும், வயலும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

அழகேசன் மறுபடி வந்தான். "எங்கிட்ட வலை இருக்கு, ஆளும் இருக்கு. பாதியாச்சும் மிஞ்சும். மடையைத் தெற, இப்பவே கட்டிடறேன்."

வயிறு திற என்றது. கை மடைப் பலகை வரை போனது. அப்போது வெள்ளைத் துணியால் மூடிய பிச்சையின் முகம் நினைவில் வந்தது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனம் கெடட்டும் என்று பலகை மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அறுவடைக்கு லோகன் வந்தபோது அவள் வயலில் வெறும் வைக்கோல்தான் நின்றது.

"என்னக்கா இது? எதை அறுக்கறது?"

"அழகேசண்ணன் வயல்ல ஏதாச்சும் தேறுமா?"

"ஒண்ணும் இல்லக்கா. முழுக்கப் பதரு."

"அப்ப சரி," என்றாள் தங்கமணி. "நீ போ."