நாத்தனார் அனுப்பிய பயணிகள்

அவளை எல்லோரும் ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டுகிற பெண்கள் அந்தப் பணிமனையில் இன்னும் சிலர் உண்டு. ஆனால் கோபம் வந்தால், எதிரே நிற்பது மேலதிகாரியே ஆனாலும், பெரிய வண்டியை வளைப்பது போல வளைத்து வந்த வழியே அனுப்புகிறவள் இவள் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை நெரிசலில், வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறைக்கு ஓடினாள். சிரிக்காதீர்கள் கண்ணுகளா. வயிறு நாம் சொல்கிற பேச்சைக் கேட்கிற சாமான் இல்லை. இரண்டாவது முறை அப்படி ஓடியபோது பயணி ஒருவர் புகார் கொடுத்தார். மூன்றாவது முறை நடந்ததும் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காந்து பாக்குற வேலை தரேன்மா. பாஸ் கொடுக்கிற கவுன்டர். பக்கத்துலயே பாத்ரூம்."

"பாத்ரூமுக்குப் பக்கத்துல உக்காரவா சார் நான் லைசென்ஸ் எடுத்தேன்?"

"புது அட்டவணை வர்றதுக்குள்ள ஓட்டலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா அந்த நாற்காலிதான்."

நாற்காலி என்ற சொல்லே அவளுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. மெலிந்து, சீருடை தொளதொளத்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, காரணமே இல்லாமல் அழுகை வேறு வந்துகொண்டிருந்தது. அழுவது அவளுக்குப் பழக்கம் இல்லாத வேலை. அதனால் அழும்போதும் யாரையோ திட்டிக்கொண்டே அழுவாள்.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அவள் கணவருக்கு மருந்துக்கடை. தங்கமான மனிதர். ஆனால் அவருக்குப் பாசத்தைக் காட்டத் தெரிந்த வழி மாத்திரை ஒன்றுதான். மகன் தும்மினால் ஆன்டிபயாட்டிக். மகள் "மழையில நனைஞ்சிட்டேன்" என்றால், சளி பிடிக்கும் முன்பே ஆன்டிபயாட்டிக். வெளியூர் கிளம்பினால் போகும்போது ஒன்று, வந்ததும் ஒன்று. அந்த வீட்டில் மாத்திரை வேண்டாம் என்றால் அப்பா முகம் வாடிப்போகும். அதனாலேயே எல்லோரும் விழுங்கினார்கள்.

இவளுக்குத் தொண்டை கட்டியபோதும் கொடுத்தார். தொண்டை திறந்தது, வயிறு போயிற்று. வயிற்றுக்கென்று வேறொரு மாத்திரை கொடுத்தார். இன்னும் போயிற்று. அதற்கும் மேலே ஒன்று. கடைசியில் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, அங்கே சரியான மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். வீடு திரும்பியதும் மறுபடியும் வந்தது. மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி வந்தது.

வயிற்று டாக்டர் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"உங்க குடல்ல கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கும்மா. முக்கால்வாசி நம்ம ஆளுங்க. செரிக்க உதவி பண்ணும், கெட்ட கிருமிய அண்ட விடாது. நீங்க சாப்பிட்ட மாத்திரைங்க நல்லதையும் சேத்து அழிச்சிருச்சு. காலியான எடத்துல ஒரு பொல்லாத கிருமி வந்து உக்காந்துருச்சு."

ஸ்டியரிங் அதைத் தன் வண்டிக்கு மாற்றிப் பார்த்தாள். "அப்போ, பஸ்ல இருந்த நல்ல சனத்தை எல்லாம் நாமளே இறக்கி விட்டுட்டோம். காலி வண்டியப் பாத்து ரவுடி ஏறிட்டான். அப்படித்தானே?"

"அதேதான்."

"ரவுடிய இறக்கினா?"

"இறக்கி இறக்கித்தான் பாத்தோம். சீட்டு காலியா இருக்கிற வரைக்கும் திரும்ப ஏறுவான். வண்டிய ரொப்பணும்."

"இந்த அழுகை? அதுவும் அவன் வேலையா?"

"வயித்துக்கும் மனசுக்கும் பேச்சுவார்த்தை இருக்குன்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்குது. உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா இவ்வளவு நாள் வயித்தால போனா யாருக்குமே அழுகை வரும்மா."

அப்புறம்தான் டாக்டர் விஷயத்துக்கு வந்தார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்து, சோதித்து, உப்புநீரில் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக இவள் குடலுக்குள் விடுவது. அதில் இருக்கிற நல்ல பாக்டீரியா உள்ளே குடியேறிவிட்டால் பொல்லாதது தங்க முடியாது. நிறையப் பேருக்கு இதில் குணமாகியிருக்கிறது.

கூட வந்திருந்த கணவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அடக் கடவுளே! அசிங்கம்!"

"மூணு மாசமா எனக்கு நடக்கிறது மட்டும் சந்தன அபிஷேகமாங்க?" என்றாள் ஸ்டியரிங். "டாக்டர், யாரு கொடுக்கலாம்?"

"சொந்தக்காரங்க யாராவது. சமீபத்துல ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கக் கூடாது. சார், நீங்க?"

கணவர் கூரையைப் பார்த்தார். "நேத்து... தொண்டை லேசா கரகரன்னுச்சு."

மகன் போன வாரம். மகள் அதற்கு முந்தின வாரம், பரீட்சைக்கு முன்னெச்சரிக்கையாக. மாமனார், மச்சினர், அவர் பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோருமே அந்தக் கடைக்கு வாடிக்கை. இத்தனை பேர் உள்ள குடும்பத்தில் பயன்படுகிற வயிறு ஒன்றுகூட இல்லை.

"ஒருத்தி இருக்கா," என்றாள் ஸ்டியரிங்.

கணவர் எழுந்துவிட்டார். "அவ பேச்சை எடுக்காதே!"

அவர் தங்கையைத்தான் சொல்கிறார். ஊர்க் கோடியில் செடிக் கன்றுகள் விற்கிறவள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மாத்திரை தொண்டையில் இறங்காது. குமட்டும். அண்ணன் மனம் நோகக் கூடாதே என்று வாங்கிக்கொண்டு, அத்தனையையும் ஜன்னல் வழியே வீசியிருக்கிறாள். ஒரு கோடையில் சாக்கடை தூர் வாரியபோது, அண்ணன் அன்போடு கொடுத்த அட்டை அட்டையான மாத்திரைகள் வெளியே வந்தன. தெருவே பார்த்தது. அன்றோடு பேச்சு நின்றது.

"செத்தாலும் அவகிட்ட போய் நிக்கக் கூடாது," என்றார்.

"சாகப்போறது நான். நீங்க எதுக்கு வாக்கு கொடுக்கிறீங்க?"

அன்றே கிளம்பிவிட்டாள். நாத்தனார் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன அண்ணி, துணி காயப் போடுற கொடி மாதிரி மெலிஞ்சுட்டீங்க!"

"உக்காரு. ஒண்ணு கேக்கணும். சிரிச்சா அறைவேன்."

சொன்னாள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள், கடைசியில் மண் மூட்டைமேல் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அண்ணி... உங்க கல்யாணத்துக்கு என் வளையலைக் கேட்டீங்க, தரல. இப்போ இதையா கேக்குறீங்க!"

"தருவியா மாட்டியாடி?"

"தரேன், தரேன். தினமும் வீணாத்தானே போகுது." சிரிப்பு நின்றதும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மணிக்கட்டு அவள் விரல்களுக்குள் தளர்வாக அடங்கியது. "ஸ்டியரிங்கை விட்டுக் கொடுத்துடாதீங்க அண்ணி."

ரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள். நாத்தனார் தேறிவிட்டாள். தேர்வில் முதல் வகுப்பில் தேறியவள் போல அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கணவரோ உறவுக்காரர்களிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்.

"எனக்குக் குடல்வால் நல்லாத்தான் இருக்கு," என்று ஸ்டியரிங் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுத் திருத்தினாள்.

சிகிச்சையன்று காலையில் நாத்தனார் மருத்துவமனைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மூடிய பெட்டி ஒன்றுடன் நடைக்கூடத்தில் தோன்றினாள். எதிரே அண்ணன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அண்ணா."

அவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தார்.

"அண்ணா, இதைக் கடைசி அறையில சீக்கிரம் சேக்கணுமாம். நர்ஸ் சொன்னாங்க. எனக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்னு கூப்பிடுறாங்க. பிடிங்க."

"நானா?"

"உங்க பொண்டாட்டிக்கு மருந்து. உங்க கடையில கிடைக்காது."

அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். கதவிடுக்கு வழியே, கட்டிலில் ஒரு பிடியாகச் சுருண்டு கிடந்த மனைவியைப் பார்த்தார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போவது போல, ஒருவரும் இடித்துவிடாதபடி, நடைக்கூடம் முழுக்க "தள்ளுங்க, தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். பாதி வழியில் திரும்பி, "சாப்பிட்டியா நீ?" என்று தங்கையைக் கேட்டார். இத்தனை வருடக் கோபத்துக்குப் பிறகு அவர் வாயில் முதலில் வந்த வார்த்தை அதுதான், பாருங்கள்.

குணம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வலி நின்றது. பிறகு ஓட்டம் நின்றது. ஒரு காலையில் ஸ்டியரிங் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, "எல்லாம் ஒழுங்கா போச்சு!" என்று அறிவித்தாள். மகளுடைய தோழிகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

டாக்டரின் சான்றிதழை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனாள். மேலாளர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை ஏதோ வயித்து ஆபரேஷன்னு போட்டுக்கலாம்மா. நாலு பேர் பாப்பாங்க."

"என்ன சார் மறைக்கணும்?" ஸ்டியரிங் அறை வாசலுக்கே வந்து நின்றாள். ஓய்வறையில் இருந்த அத்தனை ஓட்டுநர்களும் நிமிர்ந்தார்கள். "எனக்கு எங்க நாத்தனாரோட மலத்தை உள்ள வச்சாங்க. அதுலதான் பொழைச்சேன். யாருக்காவது சிரிப்பு வந்தா இப்பவே சிரிச்சுக்குங்க. அப்புறம் நான் வண்டி எடுக்கணும்."

ஒரு மூத்த ஓட்டுநர் தொண்டையைச் செருமினார்.

"நாத்தனார் புத்தியும் சேந்து வந்துருமேம்மா?"

"வந்தா நல்லதுதாண்ணே. வேண்டாததை ஜன்னல் வழியா வீசுற புத்தி அது. மொதல்ல உங்களைத்தான் வீசுவேன்."

கூரை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியபின் மேலாளர், "சரி, சின்னச் சுற்று ஒண்ணு போட்டுத் தரேன், சந்தை வரைக்கும்," என்றார்.

"துறைமுகத் தடம்."

"அது ரொம்ப நீளம்மா. நடுவுல நிறுத்த எடமே கிடையாது."

"அதுக்குத்தான் சார் கேக்குறேன்."

சாவியைக் கொடுத்தார்.

துறைமுகப் பாலத்தின் நடுவில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டன. முன்னால் ஒரு லாரி, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை. ஸ்டியரிங்கின் வயிற்றில் ஒரு சத்தம் கேட்டது. குடகுடவென்று உருண்டது. அவள் கை சக்கரத்தில் இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மறுபடி உருண்டது. இந்த முறை அவளுக்குப் புரிந்தது. பசி. வெறும் பசி. இத்தனை மாதமாக எட்டிப் பார்க்காத சாதாரணப் பசி.

"என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்று முன் இருக்கையில் இருந்தவர் கேட்டார்.

"பிரச்சினை அந்த லாரிதாங்க," என்று சொல்லிவிட்டு, பாலம் முழுக்கக் கேட்கும்படி ஹாரனை அழுத்தினாள்.