தொரை இறகு உதிர்த்த பத்து வாரம்

ஆண் வாத்தின் தலையில் மின்னும் பச்சை வருடம் முழுக்க இருப்பதில்லை. கோடையில் முட்டைக் காலம் முடிந்ததும் அது உதிர்ந்துவிடும். வால்மேல் சுருண்டு நிற்கும் இறகும், பிறகு இரு பக்கச் சிறகின் இறகும் விழும். புதிதாக முளைப்பது பெட்டையின் மண் நிறம். அப்போது சத்தத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். பெட்டை வாய்விட்டுக் கத்தும். ஆணுக்குத் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கும். சில மாதத்தில் அந்த மண் நிறமும் உதிர்ந்து பச்சை திரும்பும்.

எங்கள் கொல்லையில் ஐந்து பெட்டையும் ஓர் ஆணும். ஆணுக்குத் தொரை என்று பெயர் வைத்தவள் என் மனைவி. சட்டை கசங்காமல் நடக்கிறானாம்.

அவளுக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு தெருவை மறந்தாள், பிறகு மகளை. என்னை அவள் மறக்காமலிருக்க ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அதையும் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். காலையில் கண் திறந்ததும் என்னைப் பார்த்து மிரள்வாள். பத்து மணிக்குத் தொரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வருவேன்.

"என்னங்க, இவனுக்கு இன்னும் தீனி வைக்கலியா?" என்பாள்.

அவ்வளவுதான். அன்று இருட்டும்வரை நான் அவள் கணவன்.

முப்பது வருடம் தண்ணீர்ப் பம்பு பழுது பார்த்தவன் நான். வெகுநாள் ஓடாத பம்பு வெறும் காற்றைத்தான் சுற்றும். ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றினால்தான் கீழே இருப்பதை இழுக்கும். அப்படித்தான் இதையும் புரிந்துகொண்டேன்.

கோடையில் ஒரு காலை, தலையணையைக் கிழித்து உதறியதுபோல் கொல்லை முழுக்க இறகு. தொரையைத் தூக்கினேன். கரகரத்துக்கொண்டு கையைக் கொத்தினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முளைக்கும் இறகு பேனா ரீபில் மாதிரி ஓர் உறைக்குள் இருக்கும். அதற்குள் ரத்தம் ஓடும். அழுத்தினால் வலி. ஒடிந்தால் ரத்தம் லேசில் நிற்காது. ஆகவே இந்தச் சமயத்தில் வாத்தைத் தூக்கக் கூடாது. சத்தான தீனி, குளிக்கத் தண்ணீர், ஒதுங்க நிழல், இவை போதும். இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

தூக்குவதை நிறுத்தினேன். பதிலாக அவளைச் சமையலறை ஜன்னலுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

"அதோ, தொட்டி ஓரத்துல. அதான் தொரை."

"அது பொட்ட."

"இறகு மாத்துறான். பச்ச திரும்பி வந்துடும்."

ஒவ்வொரு நாளும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். ஒவ்வொரு நாளும், "எம் பச்சத் தலையன் எங்க?" என்று மறுபடி கேட்டாள். முதல் வாரம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு 'என்னங்க' இருந்தது. மூன்றாம் வாரம் அது எப்போதாவதுதான் வந்தது.

அவளைக் குளிப்பாட்டித் தலைவார அவள் தங்கை தினமும் வருவாள். பக்கத்துத் தெரு.

"நீங்க பாடம் நடத்துறீங்க, அக்கா பெயிலாயிட்டே இருக்கா. பேசாம அவனத் தூக்கிட்டு உள்ள வாங்க மாமா."

"பச்சயே இல்லியே, எதப் பாத்து அடையாளம் தெரியும்?"

"அவ பச்சயவா பாத்தா? நீங்க அத இடுக்கிட்டு வர்ற லட்சணத்தப் பாத்தா."

"இறகு ஒடஞ்சா ரத்தம் கொட்டும்மா."

"வாத்துக்கு வலிக்குமேன்னு பாக்குறீங்க," என்று ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லாமல் சீப்பை அழுத்தி இழுத்தாள்.

அவள் பேச்சை நான் கேட்கவில்லை. குறை நிறத்தில்தான் என்று நம்பினேன். பறவைக் கடைகளில் பச்சைத் தலை வாத்து ஒன்று தேடினேன்.

"இந்த மாசம் எல்லாப் பயலும் வேஷத்தக் கலைச்சிட்டுத்தான் திரியிறான். மூணு மாசம் போகட்டும், வாங்க ஐயா," என்று கடைக்காரர் சிரித்தார்.

எல்லா ஆணுக்கும் ஏறக்குறைய ஒரே பருவம்தான். அது எனக்கே தெரியும். தெரிந்தும் நான்கு கடை ஏறி இறங்கினேன்.

ஐந்தாம் வாரத்தோடு 'என்னங்க' நின்றது. நான் அறைக்குள் போனால் கால்களை இழுத்துக்கொண்டு கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தாள். சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். நான் கூடத்துச் சோபாவில் படுக்கத் தொடங்கினேன்.

பத்தாம் வாரம் உறைகள் காய்ந்து பொடுகுபோல் உதிர்ந்து முடிந்தன. தொரையின் தலையில் கடைசிப் பழுப்புத் திட்டும் மறைந்து பச்சை முழுதாக நின்றது. சிறகைத் தடவிப் பார்த்தேன். கொத்தவில்லை. பத்து மணிக்கு இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"எங்கடா போன தொர?"

மடியில் வைத்துக் கழுத்தை நீவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. எங்க கெடச்சான்? எங்க வீட்டுக்காரர் இவனத்தான் தேடி அலையிறாரு."

வாசலில் நின்ற தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொல்லையிலதாம்மா இருந்தான்," என்றேன்.

"நின்னுட்டே இருக்கீங்களே, உக்காருங்கண்ணே. அவரு இப்ப வந்துடுவாரு."

உட்கார்ந்தேன்.