இரண்டாம் ஆள் பார்க்காத மீன்

1

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேச்சுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நெவாடாவில் எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் காபியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண். முழங்கால்வரை வெள்ளை உப்புச் சேறு காய்ந்திருந்தது. கல்லாவில் இருந்தவர் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

"இருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றாள்.

அவர் மீதிச் சில்லறையைக் கொடுத்தார். அவள் போய்விட்டாள்.

கேட்காத ஒருவரிடம் போய் இதைச் சொல்கிறாள் என்றால், கேட்க வேண்டியவரிடம் எத்தனை முறை சொல்லித் தோற்றிருப்பாள்? வாருங்கள், கொஞ்சம் இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். எழுதிக்கொண்டே சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பாலைவனம் முடிவில்லாமல் விரிந்து கிடக்க, அதன் நடுவே ஒரு கண்ணீர்த் துளியாக அந்த ஊற்று—"

வேண்டாம். அங்கே வேலை செய்கிறவளுக்கு ஊற்று கண்ணீர்த் துளியாகத் தெரியாது. தன் ரப்பர்க் கால்சட்டையில் எந்த இடத்தில் தண்ணீர் புகுகிறது என்பதுதான் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்:

வெர்னா எச்சவாரி பொறியைத் தூக்கினாள். உள்ளே இரையாக வைத்த நாய்த்தீனி ஊறிப் பெருத்துக் கிடந்தது. மீன் இல்லை.

இது நிற்கும். பங்கில் பார்த்தவளுக்கு நான் வைத்த பெயர் வெர்னா. இதிலிருந்தே போகலாம்.

3

மீன் என்றால் பப் மீன். விரலில் பாதி நீளம். பப் என்றால் நாய்க்குட்டி; அதே மாதிரி ஒன்றையொன்று துரத்தித் திரியும். அந்த ஒரு ஊற்றைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. யாரோ தூண்டில் இரைக்குக் கொண்டுவந்த கொடுக்கு இறால்கள் ஊற்றில் பெருகி, முட்டைகளையெல்லாம் தின்று தீர்த்தன. அதனால் மீன்களைப் பொறிவைத்துப் பிடித்து மீன் பாதுகாப்பு நிலையத்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஊற்றுக் குட்டையை இறைத்துக் காயப்போட்டு, இறால் செத்த பிறகு மீன்களைத் திரும்ப விட வேண்டும். குளிர்காலம் முழுக்க வெர்னா செய்தது இந்த வேலைதான். கடைசியில் பொறிகள் வெறுமையாக வரத் தொடங்கின; மீன் எல்லாம் மாற்றியாயிற்று என்று கணக்கு. மறுநாள் குட்டையை இறைக்கப் பம்பு வருவதாக ஏற்பாடு.

அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். ஊற்றுக்குள் ஒரு தட்டைக் கல்லுக்கு அந்தப் பக்கம், நீலமாக ஒரு ஆண் மீன். ஒரு கையகல இடத்தை விட்டு நகராமல் காவல் காத்தது. இடத்தை விட்டு வராத மீன் பொறிக்குள் எப்படி வரும்? வலையை இறக்கினாள். கல்லடியில் புகுந்துகொண்டது.

(தண்ணீர் வற்றும்போது பிடித்துக்கொள்ளலாமே என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். அடிச்சேறு கலங்கிவிட்டால் விரல் பாதியை எங்கே போய்த் தேடுவது?)

ரேடியோவில் ராய்ஸைக் கூப்பிட்டாள். அவளுக்கு மேலதிகாரி, வயதில் இளையவன். அவர்கள் வேலையில் ஒரு கட்டு உண்டு: பொறி வெறுமையாக வந்த குட்டையில் மீன் தெரிந்தால், இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி பார்த்தது பார்த்ததில் சேராது. ஆனால் வேலைக்கு அனுப்புவதோ ஒருத்தியை.

"வெர்னா, போன வருஷம் பம்பை நிறுத்தி நீங்க காப்பாத்தினது ஒரு பூச்சியோட நிழலை" என்றான் ராய்ஸ். "அதுக்கு நாம பேருகூட வச்சோம்."

உண்மைதான். நீர்மேல் ஓடும் பூச்சியின் நிழல் அடித்தரையில் மீன்போலவே நழுவும். அந்த வேலையில் இருப்பவர்கள் மட்டுமே ஏமாறக்கூடிய ஏமாற்று அது.

(ஒரு இடைச்சொல்: அங்கே யாரும் யாரையும் உறவு சொல்லி அழைப்பதில்லை, பெயர்தான். எனக்கோ, ராய்ஸ் வாய் திறந்தாலே 'அக்கா' வந்து விழுகிறது. ஒவ்வொரு முறையும் அதை அடித்து நீக்குகிறேன். அடிக்கும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் தனியாகிவிடுகிறாள்.)

4

இப்போது எனக்கே வெர்னாமேல் சந்தேகம்.

வண்டிவீட்டில் நின்றபடியே டப்பா பீன்ஸ் சாப்பிடுகிறவள். பொறிகளுக்குக் காலை வணக்கம் சொல்கிறவள். ஆள்முகம் பார்த்து வாரங்கள் ஆனவள். அப்படிப்பட்டவள் கண்ணுக்கு எதுதான் தெரியாது? ஒற்றைப் பெண், ஒற்றை மீன். ஜோடி எவ்வளவு லட்சணமாகப் பொருந்துகிறது பாருங்கள். அவள் அந்த மீனில் தன்னையே

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். வெர்னா கேட்டால் கோபப்படுவாள். அவள் மீனில் மீனைத்தான் பார்த்தாள்: செவுள் ஓரம் நீலம், வால்நுனியில் கறுப்புக் கோடு. நிழலுக்கு ஏது நிறம்?

5

காலையில் பம்பை இழுத்துக்கொண்டு ராய்ஸ் வந்தான். காரமான மாட்டிறைச்சி வற்றல் பொட்டலமும் கொண்டுவந்திருந்தான்; கெட்டவன் இல்லை. கரையில் குந்தி வெகுநேரம் பார்த்தான். காற்று வீசித் தண்ணீரின் மேற்பரப்பில் சுருக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்குத் தெரியல."

"கல்லுக்கு அந்தப் பக்கம்."

"வெர்னா, இன்னைக்கு விட்டா பம்பு அடுத்த குளிர்காலம்தான். அதுக்குள்ள இறால் கீழ் ஊத்துக்கும் இறங்கிடும். ஒத்தை மீனுக்காக அத்தனையும் விடச் சொல்றீங்களா?"

"காத்து நிக்கிற வரைக்கும் இருன்னு சொல்றேன்."

"பேசாம ஒரு மாசம் ஊர்ப்பக்கம் போயிட்டு வாங்க. நாலு மனுஷங்களோட இருங்க."

அவள் பொட்டலத்தை மூடி அவனிடமே கொடுத்தாள். "உன்னைப் பைத்தியம் பார்க்கக் கூப்பிடல. மீன் பார்க்கக் கூப்பிட்டேன்."

ராய்ஸ் பம்பைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தான்.

6

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அ. வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீருக்குள் பிடிக்கிறாள். மீன் தன் உருவத்தையே எதிரியென்று பாய்கிறது, வலையில் விழுகிறது. (ரொம்பச் சாமர்த்தியம். நம்மை மகிழ்விக்க நான் செய்யும் வேலை.)

ஆ. இறைக்கிறார்கள். சேறு. மீன் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. (பெட்ரோல் பங்கில் நான் கேட்ட குரல் இதற்குப் பொருந்துகிறது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

இ. காற்று நிற்கிறது, ராய்ஸ் பார்க்கிறான். எனக்கு இதில் ஒரு வரிதான் செலவு. ஆனால் அவனைப் பார்க்கவைப்பது நான். அவளைக் கட்டியதும் நான். நான் எத்தனை பேரைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது ஒரே ஆள் சாட்சிதான். இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்ற கட்டு அதை ஒப்புக்கொள்ளாது.

மிச்சம் இருப்பது நீங்கள்.

மெதுவாக வாருங்கள், கரை பொலபொலவென்று உதிரும். உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி பக்கவாட்டில் நில்லுங்கள். ராய்ஸின் கையில் கயிறு இருக்கிறது, இன்னும் இழுக்கவில்லை. காற்று கொஞ்சம் தணிகிற மாதிரி இருக்கிறது. வெர்னா திரும்பிப் பார்க்கவில்லை; யாரோ வந்து நின்றது மட்டும் தெரிந்து, உங்களுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்காருகிறாள்.

தெரிகிறதா?