பறிகொடுத்தவர்கள்

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கலையரசி கௌரவ விரிவுரையாளர். பாடம் வரலாறு. அந்த வாரம் பண்டைய சீனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பன் ஒருத்தரோட ஆட்டைத் திருடிட்டான். மகனுக்குத் தெரியும். அதிகாரிகிட்ட போய்ச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு அவளே சொன்னாள். "கன்பூசியஸ் வழியில வந்தவங்க கூடாதுன்னாங்க. அப்பனை மகன் மறைக்கணும், மகனை அப்பன் மறைக்கணும், அதுதான் நேர்மை. வீடு நின்னாத்தான் நாடு நிக்கும். சட்டந்தான் எல்லாத்துக்கும் மேலன்ன சட்டவாதிங்க இதை ஒத்துக்கல. சின் ராஜ்ஜியத்துல அஞ்சஞ்சு வீட்டை ஒரே கட்டா கட்டி வச்சாங்க. ஒருத்தன் தப்பைப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லலைன்னா அவனுக்கும் தண்டனை."

"எங்க தெருவுல அப்படி வச்சா தெருவே உள்ள போயிடும் மிஸ்" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"நீங்க எந்தக் கட்சி மிஸ்?"

"நான் கன்பூசியஸ் கட்சிதான். எங்கப்பாவுக்கு சைக்கிள்கூட மிதிக்கத் தெரியாது. நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப, கரும்பு வெட்டி முடிச்ச கையோட, மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தலையில வச்சிக்கினு விழுப்புரத்துக்கு நடந்தே வருவாரு. அவரைப் போய் நான் காட்டிக் கொடுப்பனா?"

இரண்டாவது பெஞ்சில் கவிதா எழுந்தாள். அதிகம் பேசாத பெண். "பறிகொடுத்தவங்க யார்கிட்ட போவாங்க மிஸ்? ரெண்டு கட்சியும் அவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

கலையரசி கடிகாரத்தைப் பார்த்தாள். "நல்ல கேள்வி. நாளைக்குப் பாக்கலாம். உக்காரு" என்றாள். மணி அடித்தது.

மறுநாள் கவிதா வரவில்லை. அவள் அப்பா பிரான்சிஸ் விடிகாலையில் சைக்கிளில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனபோது, விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வகுப்புப் பிள்ளைகளோடு கலையரசி துக்கம் கேட்கப் போனாள். கவிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ரொம்ப நேரம் ரோட்டோரமா கிடந்திருக்காரு மிஸ். அடிச்சவன் நின்னு தூக்கிப் போட்டுக்கினு போயிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு. ஏன் மிஸ் நிக்கல?"

விக்கிரவாண்டியை ஒட்டித்தான் கலையரசியின் வீடும். அவள் திரும்பி வந்தபோது வாசலில் அண்ணன் விருத்தாசலத்தின் டிராக்டர் நின்றது. முன் சக்கரத்துக்குக் கீழே பூசணிக்காய் உடைத்து, குங்குமம் கொட்டிக் கிடந்தது. அம்மா பொன்னி மஞ்சள் தண்ணீரை டயரில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அமாவாசைக்கு அமாவாசை உடைப்பதுதான் வழக்கம். அன்று அமாவாசை இல்லை.

"என்னாம்மா இன்னிக்கி?"

"வண்டிக்குத் திருஷ்டிடி" என்ற பொன்னி தலையைத் தூக்கவில்லை.

கலையரசி உள்ளே போனாள். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"நீதானா?"

"சர்க்கரை ஆலை லைன்ல கரும்போட ரெண்டு நாளா தூங்காம நின்னேன். திரும்பி வர்றப்ப கண்ணு சொக்கிடுச்சி."

"நின்னு பாத்தியா?"

"நின்னா அடிச்சே கொன்னுருப்பாங்க."

"அது என் ஸ்டூடண்ட்டோட அப்பா."

அவன் திரும்பவே இல்லை. அவன் பிள்ளைகள் இரண்டும் வெளியே பூசணி விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

பிரான்சிஸை அடக்கம் செய்த மறுநாள் போலீஸ் வந்தது. டோல்கேட் கேமராவில் டிராக்டர் நம்பர் விழுந்திருந்தது. ஓட்டியவன் முகம் விழவில்லை.

"யாருய்யா ஓட்டினது?"

விருத்தாசலம் கதவுக்குப் பின்னால் நின்றான். அப்பா கோதண்டபாணி சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தாங்க."

ஜீப்பில் ஏறும்முன் மகளிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதும்மா. எனக்கு இடுப்பே போச்சி, கத்தி புடிக்க முடியல. நான் வெளிய இருந்தா என்னா, உள்ள இருந்தா என்னா. கேட்டா ஆமான்னு சொல்லு."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ஜீப்புக்குப் பின்னாலேயே வந்திருந்த கலையரசியைக் கூப்பிட்டார். "காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க நீங்க. பொய் சொல்ல மாட்டீங்கன்னு கேக்கறேன். இந்தாளுக்கு டிராக்டர் ஓட்ட வருமா?"

கோதண்டபாணி அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்புத் தோகை அறுத்து அறுத்து, ரேகையே தெரியாமல் போன கைகள்.

"வரும் சார்."

"லைசென்ஸ் இருக்குதா?"

"இல்லைங்க." அதுவாவது உண்மை.

"அப்புறம் என்ன" என்று இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். கோதண்டபாணி நிமிர்ந்து மகளைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வர்றம்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில், திறந்த கதவை ஒட்டிய சிமெண்டுத் திண்டில் கவிதாவும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க வந்திருந்தார்கள். உள்ளே பேசியது அத்தனையும் அங்கே கேட்டிருக்கும். ஆனால் கவிதாவின் அம்மா எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை.

மிஸ்ஸைக் கண்டதும் கவிதா எழுந்து நின்றாள். பழக்கம்.

"யாருடி இவங்க?" என்றாள் அவள் அம்மா. அழுது அழுது அவளுக்குக் குரல் இல்லை.

"எங்க மிஸ்மா."

"நமக்காக ஸ்டேஷன் வரைக்கும் வந்தியாம்மா? நீ நல்லா இருக்கணும்" என்று அந்தம்மா கலையரசியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கவிதா அம்மாவைப் பார்த்தாள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குக் கேட்காத குரலில், "சைக்கிள்கூட தெரியாதுன்னு சொன்னீங்களே மிஸ்" என்றாள்.

அதை அவள் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிஸ்ஸே திரும்ப உள்ளே போய்ச் சொல்லட்டும் என்று காத்திருப்பதைப்போல நின்றாள். கலையரசியின் கால் வாசற்படியை விட்டு எந்தப் பக்கமும் நகரவில்லை. உள்ளே இன்ஸ்பெக்டர் கோதண்டபாணியிடம், "இங்க கைநாட்டு வையிய்யா" என்றார்.

வகுப்பில் மிஸ் உட்காரச் சொன்னால்தான் பிள்ளைகள் உட்காரும். கலையரசிக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. கவிதா நின்றுகொண்டே இருந்தாள்.