திருப்பி அழைக்க வேண்டிய எண்

"பொய் சொல்லலை சார். அப்பாவுக்கு மூச்சு இழுத்துண்டிருக்கு. ஜெயராம்ட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போறும்."

மஹதி இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் காஞ்சன்பாக் ராணுவ ஆய்வுக்கூடத்தின் வாசல் காவல் அதிகாரி சந்திரசேகரன். உள்ளே வேலை செய்பவர்கள் செல்போனை அணைத்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவளுடைய அண்ணன் ஜெயராமின் போனும் அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து அவள் அனுப்பிய செய்திகள் எதுவும் அவனைச் சேரவில்லை.

"கோச்சிக்காதீங்கம்மா. உங்கப்பாவே வந்து எங்களுக்கு க்ளாஸ் எடுத்திருக்காரு. அப்பா சாகக் கெடக்காருன்னு ஒரு பொண்ணு போன்ல அழுதா மொதல்ல சந்தேகப்படுன்னு சொன்னதே அவருதான். ரெக்கார்டுல இருக்கற நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடறேன். எடுத்துப் பேசுங்க, உடனே உள்ள ஆளனுப்பறேன்."

"அது அப்பா நம்பர்!"

"அதத்தாம்மா குடுத்திருக்காங்க."

அப்பா நாராயணஸ்வாமி சட்டப் பேராசிரியர். தேசப் பாதுகாப்பு, பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் போலீஸ் அதிகாரிகளே அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். வீட்டுப் பெண்கள் யாரை வேண்டுமானாலும் நம்பிவிடுவார்கள் என்று மகனின் அலுவலகத்தில் தன் எண்ணை மட்டும் கொடுக்கவைத்தவர். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டதிலிருந்து, அந்த போன் சார்ஜ் இல்லாமல் கட்டிலருகே அலமாரியில் கிடந்தது.

மஹதி சார்ஜரைச் செருகினாள். திரை ஒளிர்ந்து, சிம் கார்டின் நான்கு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டது. அதைப் போடாமல் எந்த அழைப்பும் வராது.

"அம்மா, என்ன நம்பர்?"

"எங்கிட்ட எதைச் சொல்லியிருக்கார், இதைச் சொல்ல?" கல்பகம் நனைத்த பஞ்சைக் கணவரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். "நக்கோ, வேண்டாம்டி, பொறந்த வருஷத்தைப் போடாதே. அதை ரகசிய நம்பரா வைக்கப்படாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவர்."

அதற்குள் மஹதி போட்டுவிட்டாள். தவறு. கார் நம்பரைப் போட்டாள். அதுவும் தவறு. இன்னும் ஒரே ஒரு முறைதான் போடலாம்.

அப்பாவின் காதருகே குனிந்தாள். "அப்பா, சிம் நம்பர் சொல்லுப்பா. ஜெயராமைக் கூப்பிடணும்."

கண்கள் பாதி திறந்தன.

"யார்... கேக்கறா?"

"நான்தாம்ப்பா! மஹதி! இப்பக்கூடவா?"

அவர் அவளையே பார்த்தார். உதடு அசைந்தது. "மூணு" என்பது போலக் கேட்டது. அவள் அதை அழுத்திவிட்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தாள்.

"விடுடி," என்றாள் கல்பகம். பஞ்சைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பாவைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். அலமாரியருகே அந்த போன் மிச்ச மூன்று எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெயராம் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தான். ஆய்வுக்கூட வாசலில் போனைத் திருப்பிக் கொடுத்தது வேறொரு காவலர்; சந்திரசேகரன் ஷிஃப்ட் முடிந்து போயிருந்தார். வேலை முடிந்தாலும் வீடு வந்து சேரும்வரை போனை ஆன் செய்யக் கூடாது என்பது அப்பா போட்ட விதி. சைனிக்புரியின் அந்த அமைதியான தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தி, கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஆன் செய்தான். செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் சத்தம் வாசல்வரை கேட்டது.

அவன் தலை நிமிராமல் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான். முதல் செய்தி காலையில் அனுப்பியது: 'அப்பா கஞ்சியைத் துப்பிட்டு, ஆத்துக்கு வந்த நர்ஸைக் குறுக்கு விசாரணை பண்ணிண்டிருக்கார்.'

ஜெயராம் சிரித்தான். கட்டைவிரலால் திரையைத் தள்ளினான். மஹதி அவனைக் கூப்பிடாமல் வாசற்படியிலேயே நின்றாள்.