சப்ஜெயிலுக்கு மத்தியானச் சோறு

அந்தத் தெருவில் நாலே கடைகள். நான்கும் எதிரே இருந்த சப்ஜெயிலை நம்பித்தான் பிழைத்தன. எவனாவது திருடியோ குடித்துச் சண்டை போட்டோ உள்ளே போனால்தான், பார்க்க வரும் சொந்தக்காரர்களால் தெரு களைகட்டும். ஊர் ஒழுக்கமாக இருந்த மாதங்களில் எல்லோரும் ஈ ஓட்டினார்கள். கைதிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட் ஜீனத்துன்னிசாவுடையது. புருஷன் ஜாபர் இறந்துபோன பிறகு அவளுக்கும் மகள் ஃபரீனுக்கும் அதுதான் கஞ்சி. "அல்லா, ஒரு நாலு பேராவது..." என்று துவாவைப் பாதியில் நிறுத்தி வெட்கப்பட்டிருக்கிறாள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. பத்துப் பேர் படுக்கிற ஜெயிலில் நூற்றுப் பன்னிரண்டு பேரை அடைத்தார்கள். நாலு கேட்டவள் கல்யாண அண்டாவை வாடகைக்கு எடுத்தாள்.

மூன்றாம் நாள் அரிசி தீர்ந்தது. காலையில் அரிசி ஏற்றிவரப் போயிருந்த வண்டிக்கார அமீனுல்லா வெறுங்கையோடு நடந்து வந்தார். இரண்டு மைலுக்கு அப்பால் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்களாம், வண்டியை விட மாட்டார்களாம். ஒரு வேளை தவறினால் காண்ட்ராக்ட் வேறு கைக்குப் போய்விடும். ஜெயிலர் காசிநாதன் நல்ல மனுஷன்தான், ஆனால் ரெஜிஸ்டருக்குப் பயந்தவர்.

"பன்னெண்டு மணிக்குச் சோறு வரலைன்னா, வரலைன்னுதாம்மா எழுதுவேன்" என்றார்.

ஜீனத் கம்பிக் கதவுக்கு ஓடினாள். உள்ளே, மறியலில் பிடிபட்டவர்களுக்குத் தலைவரான கொளஞ்சியப்பன் தன் வீரத்தை அளந்துகொண்டிருந்தார்.

"மூணு பேர் கட்டிப் புடிக்கிற புளியமரம்! நாந்தான் சாய்ச்சேன், தெரியுமா?"

"தெரியும்ணே. அதுக்கு அந்தாண்டதான் உங்க சோத்துக்கு அரிசி நின்னுக்கினு இருக்குது."

கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தார்.

"இன்னா பாயம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"வெட்டறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?"

பீடிக்கட்டுக் காகிதத்தில், 'பாயம்மா வூட்டு அரிசி, வுடுங்க' என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். அதை அமீனுல்லா எடுத்துக்கொண்டு ஓடினார். போலீசால் திறக்க முடியாத ரோடு அந்தக் காகிதத்துக்குத் திறந்தது. மறியல்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியையே தூக்கி மரத்துக்கு இந்தப் பக்கம் வைத்தார்களாம்.

அரிசி வந்து உலையில் விழுந்தபோது மணி பன்னிரண்டு. காசிநாதன் பேனாவைத் திறந்தார். ஜீனத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என் புள்ளைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்..."

கொளஞ்சியப்பனால் அதைப் பார்க்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"சார், வரலைன்னு எழுதாதீங்க! நாங்கதான் வேணாம்னுட்டோம். இப்போலேர்ந்து உண்ணாவிரதம்!"

நூற்றுப் பன்னிரண்டு பேரும் வாழ்க, ஒழிக என்று முழங்கினார்கள். காசிநாதனுக்கு உயிர் வந்தது. 'கைதிகள் உணவு மறுப்பு' என்று அழகாக எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"எது வரைக்கும்னு ரெஜிஸ்டர்ல ஒரு கட்டம் இருக்குது. கோரிக்கை நிறைவேறுற வரைக்கும்னு போட்டுக்கட்டுமா?"

கொளஞ்சியப்பன் எதிர் வாசலில் புகைந்துகொண்டிருந்த அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, அவ்ளோ நாள் தாங்காது சார். சோறு வேகற வரைக்கும்னு போட்டுக்கோங்க."