பாரம் முன்னுக்கு

ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கியதை முதலில் உணர்ந்தது புஷ்பவதிதான். நாய் வாலாட்டினால் அன்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பனி கொட்டுகிற தை மாதக் காலையில், லவாலில், பதின்மூன்றாம் நெடுஞ்சாலையில், மணிக்குத் தொண்ணூற்றைந்தில் போகிற வண்டிக்குப் பின்னால் கொளுவியிருக்கிற ட்ரெயிலர் வாலாட்டினால் வேறு என்னவென்று எடுத்துக்கொள்வது? முதலில் இருக்கையின் கீழே ஒரு சின்ன உலுக்கல். பிறகு பக்கக் கண்ணாடியில் அந்த வெள்ளைப் பெட்டி ஒருக்கால் எட்டிப் பார்த்தது, மறைந்தது, மறுபடி இன்னும் கொஞ்சம் வெளியே வந்து பார்த்தது.

"அத்தான், பெற்றோலிலை இருந்து காலை எடுங்கோ. பிறேக் பிடியாதேங்கோ. ஸ்ரியறிங்கை நேரா வச்சிருங்கோ, அது தானா அடங்கும்."

"எனக்கு ஓடத் தெரியும்," என்றார் உருத்திரமூர்த்தி. சொல்லி வாய் மூடவில்லை, பிறேக்கில் ஏறி மிதித்தார்.

பின்னால் இருந்த பாரம் முழுவதும் ஒரு பக்கமாக வந்து இடித்தது. வண்டியின் மூக்கு இடப்பக்கம் திரும்ப, அவர் வலப்பக்கம் வெட்ட, ட்ரெயிலர் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் இழுக்க, மூன்றும் சேர்ந்து ஓரத்துப் பனி மேட்டில் போய்ச் செருகி நின்றன. கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல அங்கும் இங்கும் போய்வந்தது. பக்கத்தால் ஒரு பெரிய ட்ரக் ஹோர்ன் அடித்தபடி போனது. புஷ்பவதி மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

மத்தியானம் ஒரு மணிக்குள் அவள் ஆற்றுக்கு அங்காலே, தீவில் இருக்கிற லாசாலுக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கே ஒரு மூன்றாம் மாடி வீட்டை விட்டுப் போகிறவர்கள் குத்தகையை அவள் பெயருக்கு மாற்றித் தருகிறார்கள். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற மனுசன் ஒரு மணி வரைக்கும்தான் கதவுத் திறப்போடு நிற்பான். பிந்தினால் வரிசையில் இருக்கிற அடுத்த ஆளுக்கு வீடு போய்விடும் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். மகள் வினோஜாவுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் மெத்ரோ ரயில் எடுத்து நேரே புது வீட்டுக்கு வா என்று சொல்லி அனுப்பியாயிற்று. பதினான்கு வயதுப் பிள்ளை, காலையில் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு, "அம்மா, திரும்பி இஞ்சை வரமாட்டம்தானே?" என்று மூன்றுதரம் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

இஞ்சை என்றால் இந்த உருத்திரமூர்த்தி வீட்டு நிலவறை. புஷ்பவதியின் புருசனுக்கு மூத்த தமையன் இவர். புருசன் செத்த கையோடு, "என்ர தம்பியின்ர குடும்பம் தெருவிலை நிக்கக் கூடாது" என்று ஊர் கேட்கச் சொல்லிக் கூட்டிவந்தார். ஆறு வருசம். ஊர் கேட்கச் சொன்னதை ஊர் மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். கடிதம் வந்தால் அவர் கையில் ஒருமுறை திறபட்டுத்தான் கீழே வரும். வினோஜா யாரோடு போனில் கதைக்கிறாள் என்பதற்கு மேலே விசாரணை நடக்கும். கதவு தட்டுகிற பழக்கம் அந்த மனுசனிடம் அறவே கிடையாது. பிள்ளை குளித்துவிட்டு நின்ற ஒரு நாள் படியால் இறங்கி வந்து நின்றுவிட்டு, "என்ர வீட்டுக்குள்ளை நான் மணி அடிச்சுப்போட்டு வரவேணுமோ?" என்றார். அடுத்த நாள் புஷ்பவதி கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் பூட்டினாள். அன்று பின்னேரமே அவர் திருப்புளியோடு வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த இரவே அவள் வீடு தேடத் தொடங்கினாள்.

போகிறேன் என்றதும் மனுசன் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் பயம் தந்தது. "சரி போ. ஆனா நான்தான் கொண்டுபோய் விடுவன். தம்பி பெண்சாதியைத் துரத்திப்போட்டன் எண்டு சனம் கதைக்கக் கூடாது," என்றார். சாமான் ஏற்றியதும் அவர் சொற்படிதான். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியது சாமிப் படம், குத்துவிளக்கு, அரிசி, மஞ்சள், சமையல் ஏதனங்கள். முதலில் இறங்கவேண்டும் என்றால் கடைசியாக ஏறவேண்டும். ஆகவே மெத்தையும் உடுப்புப் பைகளும் ட்ரெயிலரின் முன்பக்கம் போக, ஐந்து அரிசி மூட்டை, கல்லுக் கிரைண்டர், பித்தளைக் குத்துவிளக்கு, இரும்புச் சட்டிகள் அத்தனையும் வால்பக்கக் கதவோடு வந்து குந்திக்கொண்டன. சாமிப் பெட்டியை வண்டிக்குள் வைப்போம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சப்பாத்துக் காலோடு ஏறுகிற இடத்தில் சாமியா என்று வாயை அடைத்துவிட்டார். ட்ரெயிலருக்குப் பாரம் முன்னுக்கு இருக்கவேணும் அத்தான், பின்னுக்கு இருந்தா ஆடும் என்றும் சொன்னாள். "நீ ஓடுறது கிழவியளை ஏத்திற வான். எனக்குப் பாடம் எடுக்காதை."

அவள் ஓடுவது நடக்கமுடியாதவர்களை ஆசுபத்திரிக்கு ஏற்றி இறக்குகிற சிற்றுந்து. ஐந்து குளிர்காலம், ஒரு கீறல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருசம் உறைந்துபோன ஒரு மைதானத்தில் இரண்டு நாள் பழக்கினார்கள். வண்டியை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, காலைத் தூக்கு, போகவேண்டிய திசையைப் பார், பிறேக்கை மற என்று ஒரு கெபெக்குவா, இந்த மாகாணத்து மனுசி, பிரெஞ்சில் கத்திக்கொண்டே இருந்தாள். அந்தக் கத்தலில் ஒரு துளி மரியாதை இருந்தது. இந்த வீட்டில் ஆறு வருசமாக அது கூட இல்லை.

உருத்திரமூர்த்தி இறங்கி, வாகனங்கள் பறக்கிற பக்கத்தாலேயே பின்னுக்குப் போனார். பனிக்கட்டியில் இடித்த ட்ரெயிலர் ரயர் ஒன்று தட்டையாகிக் கிடந்தது. உடனே ஜாக்கியை இழுத்தெடுத்தார்.

"இதிலை மாத்தக் கூடாது அத்தான். அடிச்சுப்போட்டுப் போயிடுவாங்கள். அவசர விளக்கைப் போட்டு மெல்ல மெல்ல அடுத்த வெளிவழி மட்டும் உருட்டுவம். ரயர் போனாப் போகட்டும்."

"முப்பத்திரண்டு வருசமா இந்த நாட்டிலை ஓடுறன். வாயை மூடிக்கொண்டு உள்ளை இரு."

அவர் குனிந்த அதே நேரம் ஒரு பார ஊர்தி போனது. உப்பும் சேறும் பனியும் கலந்த கூழ் ஒரு வாளி, தலையிலிருந்து கால்வரை. மனுசன் அப்படியே நின்றார். புஷ்பவதிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அவர் ஜாக்கியைத் தூக்கி வண்டிக்குள் எறிந்துவிட்டு ஏறினார். அறிவு சொல்லிக் கேட்காத மனுசன் சேறு சொல்லிக் கேட்டார்.

பனி மேட்டிலிருந்து வண்டியை மெல்ல இழுத்தெடுத்து, நடக்கிற வேகத்தில் ஊர்ந்து, வெளிவழியால் இறங்கி, ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்முற்றத்தில் நிறுத்தினார்கள். அங்கேயும் அவர்தான் ரயர் மாற்றுவாராம். ஒவ்வொரு கார்த்திகையிலும் சொந்தக்காரர் எல்லோருக்கும் தன் வாசலில் வைத்துக் குளிர்கால ரயர் மாற்றிக் கொடுக்கிற கை அது. தேநீரும் வடையும் கொடுத்து, பெரியண்ணை கை வைத்தால் போதும் என்று எல்லோரும் புகழ்ந்து புகழ்ந்து கெடுத்த கை. அவர் வாசலில் தரை சமன், காய்ந்த சீமெந்து. இங்கே பனி. சில்லுக்குக் கட்டை வைக்காமல் ஜாக்கியை ஏற்றினார். சில்லு நிலத்தை விட்டு எழும்பிய பிறகு நட்டைக் கழற்றப் போனார். நட்டு இறுகிக் கிடக்க, சில்லு அவர் கையோடு சேர்ந்து சுற்றியது. இன்னொரு தரம் உன்னினார். ஜாக்கி வழுக்க, ட்ரெயிலர் ஒரு முனகலோடு ஒரு சாண் நகர்ந்தது. அவர் பின்னால் பாய்ந்து பனிக்குள் குந்தி விழுந்தார்.

"சனியன்," என்றார். ட்ரெயிலரையா அவளையா என்று அவள் கேட்கவில்லை.

ஜாக்கியை இறக்கினாள். மற்றப் பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் விறகுக் கட்டை வைத்தாள். பெற்றோல் நிலையத்து வாசலில் விற்பனைக்கு அடுக்கியிருந்த விறகு அது. காசாளரிடம் கேட்டுத்தான் எடுத்தாள். ஜாக்கிக்குக் கீழே ஒரு பலகை. சில்லு நிலத்தில் இருக்கையிலேயே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, பிறகு உயர்த்தி, மாற்று ரயரைப் போட்டு, எதிரெதிராக இறுக்கி இறக்கினாள். விரல்கள் செத்துப்போயிருந்தன. அவர் இவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"இது நல்லதுக்கில்லை புஷ்பம்," என்றார். குரல் திடீரென்று இளகியிருந்தது. "புறப்படேக்கையே மறிக்குது. திரும்புவம். மாசி பிறக்கட்டும், நல்ல நாள் பாப்பம். உன்ர அக்காவும் மத்தியானத்துக்கு வருவியள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

வருவியள் என்று அவர் பெண்சாதி நினைத்துக்கொண்டிருக்கிறாவாம்! அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மனுசன் கொண்டுபோய் விட வரவில்லை, திருப்பிக் கொண்டுபோக வந்திருக்கிறார். கொண்டைக்குள் பனி உருகி ஓடியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ட்ரெயிலர் கதவைத் திறந்து அரிசி மூட்டையை இழுத்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"பாரத்தை முன்னுக்குப் போடுறன்."

"சாமிச் சாமானிலை கை வையாதை! மெத்தைக்கு அங்காலை, உடுப்புக்கு அங்காலை சாமியைத் தள்ளப்போறியோ?"

"சாமி என்னோடை வண்டியிலை வரும். சப்பாத்தைப் பாத்து ஓடுற சாமி எண்டா எனக்கு வேண்டாம்."

படப் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டியை இழுத்துக் கொளுவினாள். மெத்தை, உடுப்புப் பைகள் எல்லாம் பனியில் இறங்கின. கிரைண்டரை அவளால் தூக்கமுடியவில்லை. போர்வையில் ஏற்றி இழுத்தாள். மூட்டை மூட்டையாக அரிசி முன்னுக்குப் போனது. அவர் ஒரு விரல் தூக்கவில்லை. "ஆரின்ர உப்பைத் திண்டு ஆருக்கு எதிரா நிக்கிறாய்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அவள் மூச்சை வேறு வேலைக்கு வைத்திருந்தாள். கடைசிப் பையை ஏற்றிக் கதவை அடைத்தபோது பன்னிரண்டு ஏழு.

"நான் லாசாலுக்கு ஓடமாட்டன். வீட்டைதான் போறன்," என்றார் உருத்திரமூர்த்தி. வண்டித் திறப்பு அவர் கைமுட்டிக்குள் இருந்தது.

அப்போதுதான் கோப்பியும் கையுமாகக் கடைக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். லக்ஷன், கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவன், வாய் ஒரு வானொலி நிலையம். "என்ன மூர்த்தியண்ணை, இந்தப் பனிக்குள்ளை? ஆரின்ர சாமான்?"

உருத்திரமூர்த்தியின் முகம் ஒரு நொடியில் வேறு முகமானது. ஊருக்கு என்று வைத்திருக்கிற முகம். "அது... தம்பி பெண்சாதி லாசாலிலை வீடு எடுத்திருக்கிறா. நான்தான் கொண்டுபோய் விடுறன்."

"ஓம் தம்பி," என்றாள் புஷ்பவதி. "அத்தான் இல்லாட்டி எங்களுக்கு ஆர்? ரயர் மாத்திக் களைச்சுப்போனார். மிச்சத் தூரம் நான் ஓடுறன், நீங்கள் இருங்கோ எண்டு சொன்னனான்." கையை நீட்டினாள். "தாங்கோ அத்தான்."

லக்ஷன் பார்த்துக்கொண்டு நின்றான். கோப்பியை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். "பெரிய மனசு அண்ணை உங்களுக்கு," என்றான். அந்தப் பெரிய மனசுக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் ஆள் எரிந்திருக்கவேண்டும். திறப்பை அவள் உள்ளங்கையில் போடவில்லை; குத்துகிறமாதிரி வைத்தார்.

இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். பட்டி போடுங்கோ என்று அவரிடம் சொன்னாள். வண்டி முற்றத்தை விட்டு வெளியேறும்வரை அவர் லக்ஷனுக்குக் கைகாட்டினார். கண்ணாடி ஏறி மூடியதும் தொடங்கினார். நன்றி கெட்ட சென்மம் என்றார். என்ர தம்பி உன்னைக் கட்டி என்னத்தைக் கண்டான் என்றார். உன்ர மகள் ஒரு நாள் உன்னைத் தெருவிலை விடுவாள், அப்ப என்ர வாசலுக்கு வராதை என்றார். அவள் அறுபதில் ஓடினாள். முன்னால் போகிற வாகனத்துக்கும் தனக்கும் நடுவே மூன்று பஸ் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். அந்த இடத்துக்குள் யாராவது வந்து புகுந்தால் மறுபடி அவ்வளவு விட்டாள். அவர் ஏச ஏச அவளுடைய கைக்கு நிதானம் கூடியது. அதை நினைக்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லவாலை முடித்து ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. ட்ரெயிலர் பெட்டி அசைந்தது. அவள் காலை எடுத்தாள்.

"ஆடுது! பிடி, பிறேக்கைப் பிடி!" உருத்திரமூர்த்தி பாய்ந்து ஸ்ரியறிங்கைப் பற்றினார்.

"கையை எடு."

ஆறு வருசத்தில் அவரை அவள் நீங்கள், வாங்கோ, இருங்கோ என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. இப்போதும் கத்தவில்லை. பாதையை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

"நீ என்னை..."

"எடடா கையை!"

கை போனது. பெட்டி ஒருக்கால் ஆடியது, அரைவாசி ஆடியது, நேரானது. கீழே ஆறு கரையோரம் வெள்ளையாகவும் நடுவில் கறுப்பாகவும் கிடந்தது. அவளுக்கு ஒரு பக்கத்தால் வெட்கம் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கிற எண்ணம் துளியும் வரவில்லை.

பாலத்தின் நடுவில் அவருடைய போன் அடித்தது. வண்டியின் ஒலிபெருக்கிக்குள் உருத்திரமூர்த்தியின் மனைவியின் குரல், இரண்டு பேருக்கும் கேட்கும்படி நிறைந்தது.

"என்னப்பா, எங்கை நிக்கிறியள்? பனியைக் கண்டு அவள் மனம் மாறியிருப்பாளே? அடுப்பு மூட்டப்போறன். தாய்க்கும் பிள்ளைக்கும் சேத்துச் சமைக்கவோ?"

புஷ்பவதி கண்ணாடியைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். உருத்திரமூர்த்தி தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு இடையில் வைத்திருந்தார். அவருடைய மீசையில் அந்த நெடுஞ்சாலைச் சேறு இன்னும் காய்ந்துகிடந்தது.

"ஹலோ? கேக்குதே? எத்தினை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு," என்றார் அவர். "உனக்கும் எனக்கும்."

முன்னால் பனி தள்ளுகிற வண்டி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு தீவுக்குள் இறங்கியது. அது தள்ளிவிட்டுப் போன தடத்தில், அறுபதைத் தாண்டாமல், புஷ்பவதி இறங்கினாள்.